மங்கலத்தின் கருத்த ஃபேக்ஸ்

இந்த வருஷமும் வணிகர் சங்க ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஏற்கெனவே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றையும் படத்தோடு போட்டார்கள். திட்டக்குடிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து அஞ்சாம் வகுப்போடு கிளம்பி வந்து, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் கழுவி, பெட்டிக்கடை போட்டு, எஸ்.டி.டி. பூத் எடுத்து, தெற்கு வீதியில் முதன்முதலாக ஃபேக்ஸ் மெஷினை இறக்கியவன் இந்தக் கொளஞ்சியப்பன் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்கள் பழைய மலரை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குக் கடை மூன்று மாடி. எவரிடமும் கைகட்டி நின்று வாங்கியது கிடையாது. எழுத உட்கார்ந்தால் இன்னும் பத்துப் பக்கம் எழுதுவேன். ஆனால் எழுபத்து மூன்று வயதாகிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. சொந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அதனால் இந்த முறை மங்கலத்தைப் பற்றி எழுதுகிறேன். சங்கத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. கடை கண்ணி எதுவும் வைத்தவள் இல்லை. சிதம்பரத்தில் ஒரு மாணவியர் விடுதியில் பெருக்கித் துடைத்தே முப்பத்தேழு வருஷத்தை ஓட்டியவள். என்னைவிடப் பதிமூன்று வயது இளையவள், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள் என்பதால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மங்கலத்துக்குப் புவனகிரிப் பக்கம். கணவர் பக்கிரி நெல் மூட்டை தூக்கினவர். ஒரு நாள் லாரியிலிருந்து மூட்டையோடு சறுக்கி முதுகில் அடிபட்டுப் படுத்தார். அப்புறம் நடந்தார், சாப்பிட்டார், ஆனால் வேலைக்கு என்று எழுந்திருக்கவில்லை. 1988இல் மங்கலம் விடுதிக்கு வந்தாள். தற்காலிக வேலை என்றார்கள். அந்தத் தற்காலிகம் பதினைந்து வருஷம் நடந்தது. எண்பது பெண் பிள்ளைகள். காலையில் மோட்டார் போடுவதிலிருந்து சாயங்காலம் கேட்டைப் பூட்டுவது வரை எல்லாம் அவள்தான். பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கத் தலையை எண்ண மாட்டாள். சாப்பிட்டுக் கழுவி அடுக்கிய தட்டுகளை எண்ணுவாள். ஒவ்வொரு தட்டிலும் பெயர் வெட்டியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்து, எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்துவிடுவாள்.

விடுதிக்கு ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வருவாள். ஸ்டூல் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். “உக்காந்தா எழுந்திருக்க மனசு வராதுண்ணே” என்பாள். மேஜையோரம் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் “ஆச்சா?” என்று கேட்பாள். எடுத்துக் கொடுத்ததும் நகலை அசலின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் எழுத்து எழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, கோடு கோட்டின் மேல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, “ஒத்துருக்கு” என்பாள். அதற்கப்புறம்தான் கிளம்புவாள்.

எனக்குக் கோபம் வரும். “மெஷின் எடுத்தது எப்புடி மாறும் மங்கலம்? நீ என்னா பெரிய ஆபீசரா?”

“மெஷினப் பத்தி எனக்கு என்னாண்ணே தெரியும்? எனக்குத் தெரிஞ்சது கண்ணுதான்.”

2003 மார்ச் 31, திங்கட்கிழமை. அன்று காலை அவளை நிரந்தரப் பணியில் சேர்க்கும் உத்தரவு சென்னையிலிருந்து கடலூர் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள். உத்தரவில் ஒரு கொக்கி இருந்தது. மார்ச் 31க்குள் வேலையில் சேர வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு காலாவதி. தபாலில் போட்டால் சிதம்பரம் வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். கடலூரில் இருந்த கிளார்க் நல்ல மனுஷர். விடுதி வார்டனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, என் கடைக்குப் போன் போட்டார்.

“டோன் குடுங்க” என்றார்.

ஃபேக்ஸ் வைத்திருந்த கடைக்காரர்களுக்கு இந்தப் பேச்சு ஞாபகம் இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் டோன் கேட்பார், நாம் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். கீ என்று ஒரு கத்தல். பிறகு கரகரவென்று இரண்டு மெஷினும் தங்களுக்குள் என்னவோ பேசிக்கொள்ளும். பிறகு ரோல் பேப்பர் மெதுவாக வெளியே வரும்.

மங்கலம் பத்தரை மணியிலிருந்தே கடையில் நின்றுகொண்டிருந்தாள். பேப்பரின் உச்சியில் முதல் வரியாகத் தேதியும் நேரமும் அனுப்பிய நம்பரும் வந்தன. மணி பதினொன்று நாற்பத்திரண்டு. பிறகு அவள் பெயர், கடைசியில் அதிகாரியின் கையெழுத்து. வழுவழுவென்ற அந்தத் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

“சூடா இருக்குதுண்ணே” என்றாள். “கடலூர்லேருந்து சூட்டோடவே வந்துருக்கு.”

அப்புறம் பழக்கம் விடாமல் கேட்டாள்: “அசல் எங்க?”

“அசல் கடலூர்ல. இது அதே மாதிரி இங்க வந்துருக்கு.”

“அப்ப எத வச்சு ஒத்துப் பாக்குறது?”

“ஒத்துல்லாம் பாக்க வாணாம். இது ஃபேக்ஸ்.”

“ஃபேக்ஸ்னா என்னாண்ணே அர்த்தம்?”

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு அந்த வார்த்தையை எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அர்த்தம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? “அதக் கண்டுபுடிச்ச வெள்ளக்காரன் பேரு. ஃபேக்ஸ் துரை” என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். “இந்தப் பேப்பரும் அவர் கண்டுபுடிச்சதுதான். நூறு வருசம் ஆனாலும் அழியாது. ஜெராக்ஸ்லாம் எடுக்காத, தெண்டம்” என்று சேர்த்துக்கொண்டேன்.

அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். வார்டன் பொறுப்பையும் அப்போது சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சார் இங்க் பேனாவால் அந்தத் தாளின் கீழேயே ‘இன்று முற்பகல் பணியில் சேர்ந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி முத்திரையைக் குத்தினார். அவர் முத்திரை குத்தினால் மேஜை ஆடும். விடுதிப் பதிவேட்டிலும் எழுதினார். தாளை அவளிடமே கொடுத்து, பத்திரம் என்றார்.

அசல் உத்தரவு தபாலில் ஏப்ரல் நாலாம் தேதி வந்தது. கடலூரில் அவளுடைய பணிப் பதிவேட்டில் யாரோ அசல் வந்த தேதியையே சேர்ந்த தேதி என்று, உத்தரவிலிருந்த கெடுவைக்கூடக் கவனிக்காமல், எழுதிவிட்டார்கள். நாலு நாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அரசாங்கம் அந்த வருஷம்தான் கோடு போட்டது. 2003 ஏப்ரல் ஒன்றுக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன், அன்றைக்கும் அதற்குப் பின்னாலும் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. மங்கலம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள், அவளுடைய ஏடு அந்தப் பக்கம் நின்றது. இது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இருபத்திரண்டு வருஷம் ஓடியது. என் கடையில் ஃபேக்ஸ் நின்று பதினேழு வருஷம் ஆகிறது. மெஷினை எடைக்குப் போட்டுவிட்டேன், போர்டை எடுக்கவில்லை. கடையை இப்போது மருமகள் வினோதினி பார்க்கிறாள். நான் கல்லாவில் உட்கார்ந்து போவோர் வருவோரை விசாரிப்பதோடு சரி.

போன வருஷம் ஜனவரியில் மங்கலம் வந்தாள். ஜூன் மாதம் ஓய்வு. கடலூரில் கணக்குப் பார்த்தவர்கள், ஏப்ரல் நாலு என்று இருக்கிறது, உனக்குப் பழைய பென்ஷன் வராது என்று சொல்லிவிட்டார்களாம். பிடித்து வைத்த தொகையை ஒரு தரம் கையில் கொடுப்பார்கள், அதோடு முடிந்தது. விடுதிப் பதிவேடு 2015 வெள்ளத்தில் ஸ்டோர் ரூமோடு ஊறிக் கூழாகிவிட்டது. சுப்பிரமணியன் சார் கொரோனாவில் போய்விட்டார். டோன் கேட்ட கிளார்க்கும் இல்லை.

“இது ஒண்ணுதாண்ணே இருக்கு” என்று பவுடர் டப்பா ஒன்றைத் திறந்தாள். ஃபேக்ஸ் தாள் எப்போதும் சுருண்டுகொள்ளும். டப்பாவுக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. மேஜையில் வைத்து இரண்டு பக்கமும் ஸ்டேப்ளரையும் பஞ்சிங் மெஷினையும் வைத்து விரித்தேன். எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. ஆனால் உச்சியில் தேதியும் நேரமும் படிக்க முடிந்தது. கீழே வார்டனின் எழுத்தும் முத்திரையும் இருந்தன.

“நூறு வருசம்னீங்க. இருவத்திரண்டுலயே மங்கிப் போச்சு” என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தைத்துவிட்டது.

“இரு மங்கலம். லேமினேஷன் போட்டுத் தரேன். காசு வாணாம். அப்புறம் எமனே வந்தாலும் அழிக்க முடியாது.”

நம் ஊரில் ரேஷன் கார்டு, பட்டா, டி.சி., ஜாதகம் எதுவானாலும் லேமினேஷன் போட்டால்தான் மனசு ஆறும். வினோதினி பேங்குக்குப் போயிருந்தாள். நானே மெஷினைப் போட்டேன், சூடு ஏறியதும் தாளை உறைக்குள் வைத்து உள்ளே விட்டேன். கடையில் நானே ஒரு வேலை செய்து எத்தனை நாளாயிற்று என்று உற்சாகமாக வேறு இருந்தது.

உள்ளே போனபோது வெள்ளையாகப் போனது. வெளியே வந்தபோது தோசைக்கல் மாதிரி வந்தது.

உச்சி வரி வரும் என்று பார்த்தேன், கறுப்பு. நடுவில் வரும் என்று பார்த்தேன், கறுப்பு. முழுசும் வெளியே வந்து விழுந்தது. ஓர் எழுத்து இல்லை. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த ஃபேக்ஸ் மெஷினில் நான் ஒரு நாளும் மை ஊற்றியதில்லை. சூட்டாலேயே எழுதும் மெஷின், சூடு பட்டால் கறுக்கும் தாள். வருஷக் கணக்கில் கை ஓயாமல் ரோல் மாற்றியவன், மை இல்லாமல் எழுத்து எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா?

“ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே மங்கலம் அருகில் வந்தாள்.

அவள் தாளை எடுத்தாள். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அன்னைக்கும் இப்புடித்தான் சூடா இருந்துச்சு” என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது கைவந்த வேலை. அவள் அதை மட்டும் சொல்லிவிட்டு நின்றாள்.

அதற்குள் வினோதினி வந்துவிட்டாள். தாளைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மாமா, இது ஃபேக்ஸ் பேப்பரா?”

“மெஷின்ல சூடு ஜாஸ்தி ஆயிடுச்சும்மா.”

“லேமினேஷன் மெஷின்ல சூடு இல்லாம ஐஸா இருக்கும்? மொதல்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்துருக்கலாம்ல? போன்ல ஒரு போட்டோ எடுத்துருந்தாக்கூடப் போதுமே மாமா.”

“எனக்குத் தெரியாதாம்மா? நான் கடை வச்சப்ப நீ பொறக்கவே இல்ல.”

“அதான் மாமா நானும் சொல்றேன்” என்றாள்.

மங்கலம் அந்தக் கறுப்புத் தாளை முந்தானையில் சுற்றினாள். லேமினேஷன் போட்டதால் இனி டப்பாவுக்குள் போகாது. “இத வச்சு என்னா பண்ணப் போற?” என்று கேட்டேன். “எனக்கு வந்ததுதானண்ணே, எங்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். காலி டப்பா மேஜை மேலேயே கிடந்தது.

அடுத்த வாரம் அவளோடு கடலூருக்கு நானும் கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை. புதுச்சத்திரம் தாண்டியும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஆலப்பாக்கம் தாண்டி இரண்டு சீட்டு கிடைத்தது.

“நீ பயப்படாத மங்கலம். நான் போயிப் பேசுனா ஆபீசரே எழுந்து நிப்பாரு.”

“நீங்க பேசாம இருந்தாலே போதும்ண்ணே.”

மஞ்சக்குப்பத்தில் இறங்கி அலுவலகத்துக்குப் போனபோது மணி பத்தரை. பன்னிரண்டு வரை வராந்தாவில் நின்றோம். என் வயசுக்கு யாராவது நாற்காலி போடுவார்கள் என்று பார்த்தேன், போடவில்லை. கண்காணிப்பாளர் ஜெயராணி மேடம் கூப்பிட்டார். ஐம்பது வயசிருக்கும். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை, மேஜை முழுக்கக் கட்டுக் கட்டாக ஃபைல். களைத்த முகம்.

நான் ஆரம்பித்தேன். “மேடம், நான் கொளஞ்சியப்பன். சிதம்பரம் தெற்கு வீதில மொதல் மொதல்ல…”

“பேப்பர் எங்கம்மா?” என்று மங்கலத்தைப் பார்த்துக் கேட்டார்.

மங்கலம் கொடுத்தாள். மேடம் அதை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். “என்னாம்மா இது, சிலேட்டா?”

“ஃபேக்ஸ் மேடம்.”

“இதுல என்னா தெரியுது எனக்கு?”

“அன்னைக்கு வந்ததுங்க மேடம். அது நூறு வருசம் இருக்கும்னாங்க. ஃபேக்ஸ் துரைன்னு ஒரு வெள்ளக்காரரு கண்டுபுடிச்ச பேப்பராம்.”

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எந்தத் துரை?”

மங்கலம் என் பக்கம் திரும்பினாள். “இவங்கதான் சொன்னாங்க.”

நான் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“துரையும் இல்ல, கவர்னரும் இல்ல” என்றார் மேடம். காலையிலிருந்து அவருக்கு இதுதான் ஒரே வேடிக்கை போலிருக்கிறது, பேனாவைக் கீழே வைத்தார். “எங்க பெரியப்பா ஃபாதரா இருந்தவரு, லத்தீன் படிச்சவரு. அவரு சொல்லுவாரு. ஃபேக்ஸ்ங்கிறது சுருக்கம். முழுசா சொன்னா ஃபேக்சிமிலி. லத்தீன்ல ரெண்டு வார்த்தை. ஃபாக்னா செய்யின்னு அர்த்தம், சிமிலேன்னா அது மாதிரி. அது மாதிரியே செய்யி. இந்த மெஷின்லாம் வர்றதுக்கு முந்நூறு வருசத்துக்கு முன்னாடியே அந்தப் பேச்சு இருந்துருக்கு. ஒருத்தர் எழுத்த அச்சு அசலா அப்புடியே பாத்து எழுதினா அதுக்குப் பேரு அது. மெஷின் வந்ததும் மெஷினுக்கு வச்சிட்டாங்க, அப்புறம் வாய் வலிக்குதுன்னு சுருக்கிட்டாங்க.”

“கவர்மென்ட் லெட்டர்ல தொலைநகல்னு போடுறாங்களே மேடம்” என்றேன். எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்ட வேண்டாமா?

“அது நாம வச்ச பேரு. அதுலயும் நகல்ங்கிறது அரபில கெளம்பி உருது வழியா வந்தது. ஜாஸ்தி, தாசில்தார்னு சொல்றோமே, அந்த மாதிரி.”

வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்து, அதன் பெயரில் மாடி மேல் மாடி கட்டி, கடைசியில் அந்த வார்த்தையின் அர்த்தத்தை மஞ்சக்குப்பத்தில் கால் வலிக்க நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். அர்த்தம் எவ்வளவு எளிதாக இருக்கிறது. மங்கலம் கேட்ட அன்றே யாரையாவது விசாரித்துச் சொல்லியிருக்கலாம்.

“சரி, அது மாதிரியே செஞ்சதுன்னா, அதுல என்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்ல?” என்று மேடம் தாளைத் திருப்பி நீட்டினார். “தேதி தெரிஞ்சாத்தாம்மா நான் மேல எழுத முடியும். நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தோணுது. தோணுறத ஃபைல்ல எழுத முடியாது.”

மங்கலம் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். பழக்கம்தான். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் ஊடுருவவில்லை. பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் கறுக்கவில்லை, பழுத்த இலை மாதிரி மஞ்சளாக இருந்தது. சூட்டுக்குக் கறுப்பது முன்பக்கப் பூச்சு மட்டும்தான் போலிருக்கிறது. அந்த இடம் வரைக்கும் என் புத்தியும் போகவில்லை, வினோதினி புத்தியும் போகவில்லை.

“மேடம், கொஞ்சம் வாங்களேன்.”

அடியில் ஊதா நிறத்தில் ஒரு கட்டம், இடவலம் மாறிய பிம்பமாக. சுப்பிரமணியன் சார் மேஜை ஆடக் குத்திய முத்திரை, இருபத்திரண்டு வருஷத்தில் தாளுக்குள் ஊறிப் பின்பக்கம் இறங்கியிருந்தது. பக்கத்தில் இங்க் பேனா எழுத்தும் நீலமாகக் கசிந்திருந்தது. மேடம் கைப்பையிலிருந்து பவுடர் கண்ணாடியை எடுத்து முத்திரைக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்குள் நேராகத் தெரிந்தது.

“முப்பத்தொண்ணு மார்ச் ரெண்டாயிரத்து மூணு” என்று வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியை நகர்த்தினார். “இன்று… முற்பகல்…”

மங்கலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இத வச்சு எழுதலாம்” என்றார் மேடம். “ஆனா ஒண்ணு. இது எப்புடிக் கருத்துச்சு, இது அதே தாளுதானான்னு மேல கேப்பாங்க. கருக்குனவரு எழுதிக் குடுக்கணும். நோட்டரி கையெழுத்தோட.”

“எழுதிட்டாப் போச்சு” என்றேன். “லேமினேஷன் மெஷின் கோளாறால…”

“கோளாறுன்னு போட்டா, அன்னைக்குப் போட்ட மத்த பேப்பர்லாம் ஏன் கருக்கலன்னு கேள்வி வரும். மெஷின ரிப்பேர் பண்ண ரசீது கேப்பாங்க. இருக்குதா?”

“கவனக்குறைவால்னு போடலாமே?”

“கவனக்குறைவுன்னா, சூடு பட்டா கறுக்கும்னு தெரிஞ்சும் விட்டீங்கன்னு ஆவும். வேணும்னே அழிச்சீங்களோன்னு ஒரு சந்தேகம் கெளம்பும். இந்தத் தாளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அறியாமையால செஞ்சேன்னு போட்டாத்தான் சார் நிக்கும்.”

ஐம்பது வருஷம் இந்த ஊரில் வியாபாரம் செய்திருக்கிறேன். அடி வாங்கியிருக்கிறேன், நஷ்டப்பட்டிருக்கிறேன், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று எங்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. அதுவும் ஃபேக்ஸைப் பற்றி. “வேற வழி ஒண்ணும் இல்லிங்களா மேடம்?” என்று இழுத்தேன்.

மேடம் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார். மங்கலம் மேஜையோரம் வந்து, என் கடையில் நிற்பது போலவே ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இனிமே என்னால குனிஞ்சு பெருக்க முடியாது. இடுப்பு போயிடுச்சு. பென்ஷன் இல்லன்னா அடுத்த ஊட்டுப் பாத்திரந்தான். அதத் தேய்க்கவும் தெம்பு இல்ல” என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை.

கோர்ட்டு வாசலில் ஒரு நோட்டரியிடம் உட்கார்ந்து எழுதினேன். டைப் அடிக்கலாம் என்றார், வேண்டாம் என்றேன். என் கையாலேயே எழுதினேன். ‘கொளஞ்சியப்பனாகிய நான் பல வருடங்கள் ஃபேக்ஸ் கடை நடத்தியும், அந்தத் தாள் சூடு பட்டால் கறுத்துவிடும் என்பதை அறியாதவன். என் அறியாமையால் மங்கலம் என்பவரின் பணி உத்தரவைக் கறுக்கச் செய்தேன். மேற்படி தாள் 31.3.2003 அன்று என் கடை மெஷினில் வந்த அதே தாள்தான்.’ அறியாமையால் என்ற இடத்தில் பேனா நின்றது. நோட்டரி, “மை தீந்துடுச்சா பெரியவரே?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுதி முடித்தேன்.

அலுவலகத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று ஜெராக்ஸ் எடுத்தோம். மங்கலம் நகலை என் கையெழுத்தின் மேல் வைத்து, கோர்ட்டு வாசல் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். என் அறியாமை அறியாமையின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது.

“ஒத்துருக்குண்ணே” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் உட்கார இடம் கிடைத்தது. அவள் தூங்கிவிட்டாள்.

ஜூனில் ஓய்வு பெற்றாள். விடுதிப் பிள்ளைகள் ஒரு தட்டில் அவள் பெயரை வெட்டிக் கொடுத்தார்களாம். அதற்கப்புறம் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். ஃபைல் சென்னையில் இருக்கிறது என்றார்கள், திரும்பி வந்தது என்றார்கள், மறுபடி போயிருக்கிறது என்றார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் மங்கலம் கடலூருக்கு பஸ் ஏறினாள். இரண்டு தரம் நானும் போனேன். அந்த வராந்தாவில் எந்த இடத்தில் நின்றால் ஃபேன் காற்று வரும் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன நவம்பரில் ஒரு நாள் காலையில், செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு மங்கலம் கடைக்கு வந்தாள். “மேடம் ஏதோ அனுப்பியிருக்காங்களாம். எடுத்துக் குடும்மா” என்று வினோதினியிடம் நீட்டினாள். வினோதினி படித்துப் பார்த்துவிட்டு உடனே பிரிண்ட் போட்டாள். தாள் வந்தது. பணியில் சேர்ந்த நாள் 31.3.2003 முற்பகல் எனத் திருத்தம் செய்யப்படுகிறது என்று இருந்தது. நான் இரண்டு தரம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

மங்கலம் தாளை வாங்கினாள். சூடாக இருந்திருக்கும். “அசல் எங்க?” என்றாள்.

“அசலே இதாம்மா. இப்பல்லாம் போன்லதான் வரும்” என்றாள் வினோதினி.

ஒரு கையில் போனையும் ஒரு கையில் தாளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக மாற்றி மாற்றிப் பார்த்தாள். தேதி இருக்கும் வரிக்கு வந்ததும் அங்கேயே விரலை வைத்தாள். ரொம்ப நேரம் அந்த விரலை எடுக்கவே இல்லை.

என் கை பழக்கத்தில் பக்கத்திலிருந்த லேமினேஷன் உறையை எடுத்துவிட்டது.

“அண்ணே, அதக் கீழ வைங்க” என்றாள்.

வைத்தேன். வினோதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். ஜனவரியிலிருந்து அங்கேயே கிடந்தது. மங்கலம் உத்தரவைச் சுருட்டி உள்ளே வைத்து மூடினாள்.

“ஆச்சா மங்கலம்?” என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

“ஆச்சுண்ணே” என்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். முப்பத்தேழு வருஷத்தில் என் கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“ஒரு டீ சொல்லுங்க” என்றாள்.